சீசன் முடிந்ததும் ஃப்ரீ

தென்காசி,
ஆடி 9

அன்பு மருமகள் யோகலட்சுமிக்கு மாமனார் மணிமுத்து எழுதிக்கொள்வது.

உன் புருஷனை வேலைக்குக் கேட்டு ஒரு போன் வந்தது. நான்தான் எடுத்தேன். அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை.

நலம் விசாரிக்கும் வரிகள் இதற்கு முன்னால் வந்திருக்க வேண்டும். ஆனால் அதை எழுத ஆரம்பித்தால் சாரல், கூட்டம், உன் அத்தையின் முழங்கால் என்று நாலு பக்கம் ஓட்டி, விஷயத்தைச் சொல்லாமலே கையெழுத்துப் போட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் இப்போது விசாரிக்கிறேன். நீயும் பேத்தி அனன்யாவும் கோயம்புத்தூரில் சுகமா? பேங்கில் உன் மேனேஜர் இப்போதாவது நேரத்துக்கு வீட்டுக்கு விடுகிறாரா? இங்கே துவைத்த துணி காயவில்லை என்பதைத் தவிர எங்களுக்கு ஒரு குறையும் கிடையாது.

போனில் சொல்லலாம் என்றால் உன் புருஷன் சிவசைலம் எந்நேரமும் பக்கத்திலேயே நிற்கிறான். வாட்ஸப்பில் பேசி அனுப்பினால் அனன்யா அதை ஸ்பீக்கரில் போட்டு உங்கள் அடுக்குமாடி முழுக்கக் கேட்க வைப்பாள். போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாய், "மாமா, நெசமாச் சொல்லுங்க, அவங்களுக்கு எங்கயிருந்தும் ஒரு போன்கூட வரலியா?" என்று. "இல்லம்மா" என்றேன். கடையில் துண்டு சாயம் போகுமா என்று கேட்கிறவர்களிடம் நாற்பது வருஷமாக நான் சொல்லிவரும் அதே "இல்லம்மா". மற்றவர்களிடம் சொன்னால் செரித்துவிடும். உன்னிடம் சொன்னது செரிக்கவில்லை.

வைகாசிக் கடைசியில் அவன் வந்து இறங்கியது உனக்குத் தெரியும். மூன்று பெட்டி, ஒரு சாக்கு நிறைய ஆரஞ்சு நிறத்தில் பிளாஸ்டிக் கூம்பு. பயிற்சிக்கு நட்டு வைப்பதாம். ரோட்டில் பள்ளம் தோண்டுகிறவர்கள்தான் அப்படி வைத்துப் பார்த்திருக்கிறேன். ஆறு ஆட்டம் வரிசையாகத் தோற்றதும் ஃபுட்பால் கிளப்காரர்கள் பேப்பரில் போட்டார்களே, "பரஸ்பர சம்மதத்துடன் பிரிகிறோம்" என்று, அதை வாசித்துவிட்டு உன் அத்தை, "பாத்தியளா, சண்ட சச்சரவு இல்லாம மரியாதையா அனுப்பிருக்காக" என்று சந்தோஷப்பட்டாள். நான் வியாபாரி. ஈரோட்டுக்காரனுக்கு எத்தனை கட்டுத் துண்டைப் பரஸ்பர சம்மதத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்று எனக்குத்தானே தெரியும்.

வேலை போன கோச்சுக்கு மார்க்கெட் எப்படி இருக்கிறது என்று நானும் சும்மா இராமல் விசாரித்தேன். ஒரு பள்ளிக்கூடத்துக் கரெஸ்பாண்டென்ட் ஸ்டான்லி, தங்கமான மனுஷர், உடனே எடுத்துக்கொள்கிறேன் என்றார். பி.டி. வாத்தியார் வேலை, கூடவே சுதந்திர தின மார்ச் பாஸ்ட், கூடவே காலையில் கேட்டில் நின்று தலைமுடி நீளமாக வைத்திருக்கிறவர்களைப் பிடிப்பது, கூடவே ஹெவி லைசென்ஸ் இருந்தால் ஸ்கூல் பஸ்ஸும் ஓட்டலாம் என்றார். பைபாஸில் புல் விரிப்புப் போட்டு மணிக்கணக்கில் மைதானம் வாடகைக்கு விடுகிறவரிடம் போனேன். அவருக்கு வேண்டியது கோச் அல்ல, லைட் அணைக்க ஆள். டிவியில் வர்ணனை சொல்லக் கூப்பிடுவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, வீட்டில் ஒரு ஆட்டத்தைப் போட்டு, "பேசுலே பாப்போம்" என்றேன். பத்து நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, "அந்த லெப்ட் பேக்குக்கு வீட்ல ஏதோ கவலப்பா" என்றான். அவ்வளவுதான் வர்ணனை. வெள்ளம் வந்து குற்றால அருவியில் குளிக்கத் தடை போட்ட அன்றைக்குத் துண்டு விற்கிற நிலைமைதான் இந்தத் தொழிலில் வேலை போனவனுக்கு. சரக்கில் குற்றமில்லை, வாங்க ஆள் இல்லை.

அதனால்தான் மெயினருவிக்குப் போகிற வழியில் இருக்கிற நம் கடையில் அவனை நிறுத்தினேன். துண்டு, டவுசர், எண்ணெய், சீயக்காய், பிளாஸ்டிக் சோப்பு டப்பா. இதில் என்ன கோச்சிங் இருக்கிறது என்று நினைத்தேன். இரண்டாம் நாளே தரையில் சாக்கட்டியால் கோடு போட்டுவிட்டான். பன்னிரண்டு வருஷமாக என்னிடம் இருக்கிற கடையநல்லூர் ஹுஸைஃபா இனிமேல் இடது பக்கம் மட்டும்தானாம். ஒரு வாடிக்கையாளர் வந்தால் எல்லோரும் அவர்மேல் போய் விழக் கூடாதாம், இடைவெளி விட்டு நிற்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி, தெருவில் தலைதான் தெரிகிறது, ஷட்டரைப் பாதி இறக்கி எல்லோருக்கும் ஆரஞ்சுச் சுளை கொடுக்கிறான். என்னலே இது என்றால், "ஆஃப் டைம்ப்பா" என்கிறான். ஆட்டத்து நடு இடைவேளையாம்.

அதோடு விட்டானா? மதுரையிலிருந்து வந்த ஒரு பருத்த மனிதர் டவுசரை எடுத்துப் பார்த்து, கேட்ட விலையைக் கொடுக்கப் பையைத் திறந்துவிட்டார். இவன் தடுத்து, "அண்ணாச்சி, இது ஒங்களுக்குத் தாங்காது. அருவிக்குள்ள போனா நீங்க வெளிய வாரதுக்கு முன்னால டவுசர் வெளிய வந்துரும்" என்றான். அவர் சிரித்தபடி போய்விட்டார். மறுநாள் அவரே பதினாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, "இவர்கிட்டயே வாங்குங்க, உண்மை பேசுதாரு" என்றார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது.

உச்சம் என்ன தெரியுமா? ஒருநாள் ஒரு அம்மாவிடம் நான் பேரம் பேசிக் குரல் உயர்ந்துவிட்டது. அட்டைப் பெட்டியைக் கிழித்து அதில் ஒரு நம்பர் எழுதித் தூக்கிப் பிடித்தான். "அப்பா, நீங்க வெளிய வந்து உக்காருங்க. ஹுஸைஃபா, உள்ள போ." நான் போட்ட கடையில் என்னையே சப்ஸ்டிட்யூட் பண்ணிவிட்டான். ஹுஸைஃபா வேறு என் கையைத் தட்டிவிட்டு உள்ளே போகிறான்! எதிர்த்த டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். டீ ஆறிப்போனது. ஏன் என்றால் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதின்மூன்று வயதில் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்குப் பெட்டி தூக்கியவன். இப்போது நாற்பத்தொன்று. நடுவில் பொங்கலுக்கு இரண்டு நாள், உங்கள் கல்யாணத்துக்கு நாலு நாள். அவன் இடது காதுக்குப் பின்னால் நரைத்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். என் பிள்ளையை ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போலப் பார்ப்பதற்கு அவன் வேலை போக வேண்டியிருந்தது.

இப்போது போன் விஷயம். அவன் ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருந்தான். கல்லாப்பெட்டி மேல் சார்ஜில் இருந்த போன் அடித்தது. மிசோரம் பக்கம் ஏதோ மலையூர் கிளப்பாம், பேசியவர் அதன் செக்ரட்டரியாம். எனக்குத் தெரிந்தது சூரத்தில் துணி எடுக்கிற ஹிந்தி. அவருக்குத் தெரிந்ததும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கோச் இந்தச் சீசனுக்கு ஃப்ரீயா என்று கேட்டார். குற்றாலத்தில் கடை வைத்திருக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா அது? சாரல் விழுந்து, தெரு நிறைய ஜனம் நிற்கும்போது எவன் ஃப்ரீ? "சீசன் மே இதர் ஹை ஜி. சீசன் கதம், தோ ஃப்ரீ", அதாவது சீசனில் இங்கேதான், முடிந்தால் ஃப்ரீ என்று கம்பீரமாகச் சொன்னேன். அவர், "ஓ, ஸாரி ஸார், கங்கிராஜுலேஷன்ஸ்" என்றார். கடை நன்றாக ஓடுவதற்கு வாழ்த்துகிறார் என்று நினைத்து நானும் தேங்க்யூ சொல்லி வைத்துவிட்டேன்.

ஹுஸைஃபா தலையில் கை வைத்துவிட்டான். "மொதலாளி, அவுக சீசன் வேற, நம்ம சீசன் வேற. அவுகளுக்குச் சீசன்னா வருசம் பூரா நடக்க ஆட்டம். சின்ன மொதலாளிய வேற கிளப்பு எடுத்துட்டுன்னுல்லா நெனச்சிருப்பாக!"

"திரும்பக் கூப்பிட்டுச் சொல்லுவோமா?"

"இப்பமே சொல்லுங்க மொதலாளி."

"சாயந்தரம் சொல்லுவோம்லே" என்றேன்.

அதுவரை நடந்தது தவறு. சாயந்தரமும் நான் கூப்பிடவில்லை; அது தவறல்ல, தெரிந்தே நான் செய்தது. ஒன்பது நாளாகச் செய்துகொண்டிருக்கிறேன். காலையில் எழுந்தால் அவன் செருப்பு வாசலில் கிடக்கிறது. சாப்பிடும்போது, "அம்மா, இன்னொரு தோச" என்கிற சத்தம் கேட்கிறது. இதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை யோகா. சாதாரணமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. எழுதும்போதே பேனா நின்று நின்று போகிறது.

முந்தாநாள் மேலகரம் பக்கத்து மைதானத்தில் ஒரு ஆட்டம் நடந்தது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் ஒரு பக்கம், ஆட்டோக்காரர்கள் ஒரு பக்கம். எண்ணெய்க்காரர்களுக்குத் தலைவன் பேச்சிராஜ். இவனைக் கோச்சாக இருக்கச் சொல்லிக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனார்கள். நானும் போனேன். வேலை முடிந்த கையோடு வந்திருக்கிறார்கள், உடம்பெல்லாம் எண்ணெய். ஆட்டோக்காரர்கள் சட்டையைப் பிடித்தால் சட்டை வருகிறது, தோளைப் பிடித்தால் ஒன்றுமே வரவில்லை. எண்ணெய்க்காரர்களின் கோல் கீப்பர் பந்தைப் பிடிப்பார், அது சோப்பு மாதிரி வழுக்கி அவர் காலுக்கிடையிலேயே கோலுக்குள் போகும். "ஏலே பேச்சிராஜ், பந்தத் தேச்சிக்கிட்டே நிக்காத, தட்டி விடுலே!" என்று கூட்டம் கத்துகிறது. ஒரு ஆட்டோக்காரர் ரெஃப்ரியிடம், "இவனுவள மொதல்ல சீயக்கா போட்டுக் குளிக்கச் சொல்லுங்க!" என்று சண்டை போடுகிறார்.

நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. கோட்டோரத்தில் நின்ற அவனைப் பார்த்தேன். சாரல் முகத்தில் அடிக்கிறது, துடைக்கவில்லை. பந்து எங்கே போகிறதோ அதற்கு முன்னாலேயே அவன் கால் அங்கே திரும்புகிறது. வாய் எதையோ முணுமுணுக்கிறது. மூன்றுக்கு ஒன்று என்று தோற்றார்கள். தோற்றபின் ஈரத் தரையில் அவர்களோடு உட்கார்ந்து, அந்தக் கோல் கீப்பர் தோளில் கை போட்டு ஏதோ சொன்னான், அவர் அழுகை சிரிப்பாகிவிட்டது. இவனும் சிரித்தான். என் கடையில் அவன் சிரித்ததே இல்லையா என்றால், சிரித்திருக்கிறான். அது வியாபாரச் சிரிப்பு. எனக்கு வித்தியாசம் தெரியாதா?

ஆனாலும் முடிவு எடுத்துவிட்டேன். சொல்லப்போவதில்லை, நீயும் சொல்லாதே. மலையூர்க் கிளப்பும் ஆறு ஆட்டம் தோற்றால் பரஸ்பர சம்மதம் என்றுதானே சொல்லும்? இங்கே தோற்றால் துரத்த நான் விடமாட்டேன். நீயும் தென்காசிக் கிளைக்கு மாற்றல் எழுதிக் கேள். கடைக்கு "மணிமுத்து அண்ட் சன்" என்று போர்டு எழுதக் கொடுத்துவிட்டேன். அவன் கொஞ்ச நாளில் பழகிவிடுவான், அருவிக்கு வந்து போகிற கூட்டத்துக்கு இவன் யாரென்று தெரியாது, மனசு ஆறிவிடும்.

அனன்யாவுக்குத் தாத்தாவின் முத்தம் பத்து. உன் அத்தை உன்னை வேளைக்குச் சாப்பிடச் சொல்கிறாள். காசிவிசுவநாதர் உங்கள் மூவரையும் ஒரே ஊரில் வைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா மணிமுத்து

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்காதே. எழுதி முடித்துக் கவரை ஒட்ட எடுத்த நேரம், டவுசர் பார்த்துக்கொண்டிருந்த புனலூர் இளைஞர் ஒருவர் நிமிர்ந்து, "ஸாரே, கோச் அல்லே? டீவியில் கண்டிட்டுண்டு" என்றார், டீவியில் பார்த்த கோச்தானே என்று. உன் புருஷன் மடித்துக்கொண்டிருந்த துண்டை விடாமல், "ஆளு மாறிட்டு சேட்டா. நான் இந்தக் கடக்காரன். ஒங்களுக்கு என்ன சைஸ்?" என்றான். ஒன்றரை மாதமாக அவன் வாயால் நான் கேட்க ஏங்கிய வார்த்தை அது. கேட்டதும் ஒட்ட எடுத்த கவரைக் கல்லாப்பெட்டிக்குள் போட்டுவிட்டேன். அவர் போனதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "எத்தன நாளாச்சுப்பா போன் வந்து?" என்று மட்டும் கேட்டான். ஒன்பது என்றேன். தெருவில் இறங்கி, வெளியே தொங்கி நனைந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். உள்ளே வந்து, "நீங்களே பேசுங்கப்பா. எனக்கு வெல பேசத் தெரியாது" என்று போனை என் கையில் வைத்தான்.

செக்ரட்டரி, நாளைக்கு வேறொருவரோடு கையெழுத்துப் போடப்போவதாகச் சொன்னார். ஹுஸைஃபா இங்கிலீஷ் பேச, நான் பின்னால் நின்று சொல்லிக் கொடுக்க, முக்கால் மணி நேரம் இழுத்தது. பேசி முடித்தது இது: இரண்டு வருஷம். இருபது வயதுக்குக் கீழே உள்ள அணிக்கு இவன்தான் தலைமை கோச். முதல் பத்து ஆட்டம் தோற்றாலும் கிளப் வாயைத் திறக்கக் கூடாது. வீடு அவர்கள் பொறுப்பு. நீயும் அனன்யாவும் வருஷத்துக்கு இரண்டு தடவை போய்வர டிக்கெட். ஆவணி முதல் வாரம் போய்ச் சேர வேண்டும். இதெல்லாம் அவனுக்கு. எனக்கென்று ஒன்றே ஒன்று கேட்டேன். வருஷா வருஷம் ஆடியில் பத்து நாள் அவனை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று. பயிற்சி தொடங்குகிற மாதம், ஒரு நாள்கூட முடியாது என்றார். பேசிப் பேசி ஆறு நாளில் முடிந்தது.