எமலிங்கத்தில் இரண்டு பெட்டி பிஸ்கட்

“அக்காவின் குடோனுக்கு மென்பொருள் தேர்ந்தெடுத்தாயிற்று. இனி ஒரு பொருளும் தொலையாது.” ஆவணிப் பௌர்ணமிக்கு முந்தைய வாரம், வியாழக்கிழமை என்று நாள் போட்டு என் குறிப்பேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன். அடிக்கோடு வேறு. (இரண்டு முறை.)

அக்கா வேங்கிக்காலில் ஏஜென்சி நடத்துகிறார். தண்ணீர் பாட்டில், பிஸ்கட், கற்பூரம் எல்லாம் மொத்தமாக வாங்கி கிரிவலப் பாதைக் கடைகளுக்கு அனுப்புவார். இரண்டு மென்பொருள்கள் விலைக்கு வந்தன. ஒன்று கணக்கு, வரி, சம்பளம், சரக்கு எல்லாவற்றையும் பார்க்கும். இன்னொன்று குடோனை மட்டும் பார்க்கும். ஆனால் எந்தப் பெட்டி எந்த அடுக்கில் என்று துல்லியமாகச் சொல்லும். நான் நிறையப் படித்துவிட்டு, இரண்டாவதுதான் என்றேன்.

“இட்லிக்கு இட்லிப் பானைதான்க்கா வேணும்.”

“இட்லிப் பானையில சாம்பார் வெக்க முடியாதேடா.”

ஆனாலும் படித்த தம்பி என்று விட்டுக்கொடுத்தார்.

மென்பொருள் முதலில் அடுக்குகளின் பெயரைக் கேட்டது. குடோனில் சுவரைச் சுற்றி எட்டு அடுக்கு. எட்டு என்றால் இந்த ஊரில் வேறென்ன தோன்றும்? கிரிவலப் பாதையின் அஷ்டலிங்கங்களின் பெயர்களையே வரிசையாக வைத்தேன். தண்ணீருக்கு வருணலிங்கம், கற்பூரத்துக்கு அக்னிலிங்கம் என்று பதிவு செய்தேன். பிஸ்கட்டுக்கு மிஞ்சியது எமலிங்கம்.

பௌர்ணமி காலை வந்தது. மதியத்துக்கு மேல் பாதையில் வண்டி விடமாட்டார்கள். சரக்கு நேரத்துக்கு வராவிட்டால் வேறு ஏஜென்சி பார்ப்பேன் என்று அடி அண்ணாமலைக் கடைக்காரர், அக்காவின் மிகப் பெரிய வாடிக்கையாளர், முன்பே சொல்லியிருந்தார். தண்ணீர் வருணலிங்கத்தில் இருப்பதாகக் கணினி காட்டியது. வருணலிங்கத்தில் ஒரு பல்லி இருந்தது.

சுமை தூக்கும் சேகரைக் கேட்டேன்.

“எல்லாம் குபேரன்லதான் சார் வெச்சோம். வியாபாரம் ஜாஸ்தி ஆவும்னு.”

“பிஸ்கட்டுமா?”

“எமன் கையில குடுத்துட்டு எப்படி சார் திருப்பிக் கேக்கறது?”

குபேரலிங்கத்தில் கூரை வரை சரக்கு. முதலில் வந்த தண்ணீர் அடியில். வாயுலிங்கத்தில் சாத்தியிருந்த ஏணியை எடுத்துவரச் சொன்னேன். அதற்கு ஓரடி பின்னால் திரும்பினால் போதும். சேகர் ஈசானியம், இந்திரன் என்று குடோனை முழுதாகச் சுற்றிக்கொண்டு போனார்.

“எதிர்ல சுத்தக் கூடாது சார்.”

தண்ணீரை வெளியே எடுத்தபோது பாதையில் தடுப்பு வைத்துவிட்டார்கள். அக்கா தள்ளுவண்டியைக் காட்டினார்.

பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் ஒருவன் தண்ணீர் பாட்டிலோடு வந்தால் அது தர்மத்துக்கு என்றுதான் பொருள். முதலில் ஒரு அம்மா கை நீட்டினார். அவர் பின்னால் வரிசை நின்றது. கடைச் சரக்கு என்று சொல்ல வாய் திறந்தேன்.

“மகராசனா இருப்பா,” என்றார் அவர்.

வாழ்த்தியவரிடம் பாட்டிலைத் திருப்பிக் கேட்கும் துணிவு எனக்கு இல்லை. (மற்றவர்களும் வாழ்த்தினார்கள்.) அடி அண்ணாமலை சேர்ந்தபோது வண்டியில் ஒரே ஒரு பாட்டில் இருந்தது. கடைக்காரர் அதைத் திறந்து குடித்துவிட்டு, “அடுத்த மாசம் வேற ஆளப் பாத்துக்கறேன்,” என்றார். பார்த்துக்கொண்டார்.

அக்கா மற்ற மென்பொருளை வாங்கினார். அதில் எந்த நஷ்டத்துக்கும் ஒரு தலைப்பு கொடுக்கவேண்டும். ‘தர்மம் – தம்பி’ என்ற தலைப்பு இன்றும் அதில் இருக்கிறது. வீட்டில் யார் சாவியைத் தொலைத்தாலும், “குபேரன்ல பாத்தியா?” என்று என்னைப் பார்த்துக் கேட்கிறார்கள்.

பழைய மென்பொருளை மூடிய நாளில், எமலிங்கத்தில் இரண்டு பெட்டி பிஸ்கட் மீதம் இருப்பதாக அது காட்டியது. உண்மையா என்று இதுவரை சரிபார்க்கப்படவில்லை. சேகர் போகமாட்டேன் என்றார். நானும் போகவில்லை.