இரண்டு பஞ்சாங்கமும் ஒரு பை நண்டும்

நவராத்திரி தொடங்கி இருபத்தேழாம் நாள் காலமை, இணுவில் தியாகலிங்கம் ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். இனிமேல் கத்தரிக்காயைக் கண்ணாலும் பார்ப்பதில்லை.

முடிவு எடுத்துப் பத்து நிமிசம் இருக்கும். மனைவி ஞானாம்பிகை ஒரு சுளகு நிறையக் கத்தரிக்காயைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

"இஞ்சேருங்கோ, உதை நாலு நாலாய் வெட்டித் தாங்கோ."

வெட்டிக் கொடுத்தார். வேறென்ன செய்கிறது?

மனிசனுடைய துன்பத்தைக் கொஞ்சம் கணக்காய்ச் சொல்ல வேண்டும். நவராத்திரி ஒன்பது நாள். பத்தாம் நாள் கௌரி விரதம் தொடங்கும், அது இருபத்தொரு நாள். கௌரி முடிந்த அடுத்த நாள் கந்தசட்டி, ஆறு நாள். மொத்தம் முப்பத்தாறு. இந்த முப்பத்தாறு நாளும், மீன் இறைச்சி காய்ச்சுகிற மச்சச் சட்டி உரப்பைக்குள் கட்டுப்பட்டு, பின்வளவுக் கொட்டிலில் கிடக்கும். வீடு மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவுப்பட்டிருக்கும். ஒரு நெத்தலித் தலைகூட உள்ளே வர வழியில்லை.

முந்தி இதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. கந்தோருக்கு வேலைக்குப் போகிற காலத்தில் மத்தியானம் ரவுனில் ஒரு கடைக்குள் பூந்து, மீன் பொரியலோடு ஒரு பிடி பிடித்துவிட்டு, வாயை மூன்று தரம் கொப்பளித்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். முப்பத்தைந்து வருசம் அப்படித்தான் ஞானாம்பிகையின் விரதங்களை அவர் வெற்றிகரமாக அனுட்டித்தார். இந்தத் தை மாதம் பென்சன் எடுத்தார். இப்போது ரவுனுக்குப் போக ஒரு காரணமும் இல்லை. படலை வரை போனாலும் "எங்கை போறியள்?" என்று குசினிக்குள்ளிருந்து குரல் வரும்.

அன்று தலைமயிர் வெட்டப் போகிறேன் என்று சொல்லித்தான் தப்பினார். சலூனில் முறைக்குக் காத்திருந்தபோது சுவரில் ஒரு பஞ்சாங்கம் தொங்கியது. திருக்கணிதம். அவர் வீட்டில் இருப்பது வாக்கியம். சும்மா இருக்கிற நேரத்துக்குத் தாளைப் புரட்டினவர், புரட்டின கையோடு நின்றுவிட்டார். வாக்கியத்தில் அமாவாசை செவ்வாய்க்கிழமை. இதில் புதன்கிழமை. ஒரு நாள் வித்தியாசம்.

முறை வந்து கதிரையில் ஏறியும், பாதி வெட்டின தலையோடு மனிசன் கணக்குப் போட்டார். வழியில் கடையில் அதே பஞ்சாங்கத்தில் ஒன்றை வாங்கிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாய் வீட்டுக்கு வந்தார்.

"ஞானம், இஞ்சை வா. இதைப் பார்."

"கறி அடுப்பிலை."

"கறி கிடக்கட்டும். உன்ரை வாக்கியத்திலை அமாவாசை எப்ப?"

"செவ்வாய்."

"அப்ப கௌரி விரதம் செவ்வாயோடை முடியுது. சரியே?"

"ஓம்."

"இந்தத் திருக்கணிதத்தைப் பார். கந்தசட்டி வியாழக்கிழமைதான் தொடங்குது. அப்ப நடுவிலை கிடக்கிற புதன்?"

"புதனுக்கு என்ன?"

"புதன் சும்மா நாள். கௌரியும் இல்லை, கந்தசட்டியும் இல்லை. செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை. ஒரு சாமிக்கும் சொந்தமில்லாத நாள்."

ஞானாம்பிகை சீலைத் தலைப்பில் கையைத் துடைத்தார். இரண்டு பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"ஓம், இரண்டும் இரண்டு விதமாய்த்தான் கிடக்கு."

"நான் என்ன யோசிக்கிறனெண்டால்," என்றார் தியாகலிங்கம் குரலைத் தேனாக்கி, "புதனுக்கு லெனாட்டையும் மனிசியையும் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவம். எத்தினை தரம் அவன் வீட்டை போய்ச் சாப்பிட்டிருக்கிறன். திருப்பி ஒரு நாள் கூப்பிடேல்லை."

லெனாட் அவரோடு கந்தோரில் வேலை செய்தவர். பென்சன் எடுத்தபின் கொழும்புத்துறைக் கடலில் நண்டுக் கூடு போடுகிறார். வேதக்காரர், வீட்டில் விரதம் கிரதம் ஒன்றும் இல்லை.

"கூப்பிடுங்கோ," என்றார் ஞானாம்பிகை.

"கடற்கரை ஆக்கள். மச்சம் இல்லாமல் ஒரு வாய் இறங்காது. அவையளுக்குச் சைவத்தைப் போட்டு அனுப்பினால் மரியாதையே?"

"வாற ஆக்களுக்கு என்ன குடுக்க வேணுமெண்டு எனக்குத் தெரியும்."

இந்தப் பதில் தியாகலிங்கத்துக்குப் போதும். முப்பத்தேழு வருசம் குடும்பம் நடத்தின மனிசன், அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டாமோ? கேட்கவில்லை. கிணற்றடிக்குப் போய்ப் போனை எடுத்தார்.

"லெனாட், புதன்கிழமை மத்தியானம் ரண்டு பேரும் இஞ்சை வாங்கோ. வரேக்கை மூண்டு கிலோ நீலக்கால் நண்டு கொண்டு வா."

"சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுப்போட்டு நண்டையும் கேக்கிறியளே அண்ணை?"

"நான் கேட்டதெண்டு மூச்சும் விடாதை. உன்ரை மனிசி செபஸ்தியம்மா தந்துவிட்டதெண்டு சொல்லு. வீடு தேடி வந்த சாமானை ஞானம் வேண்டாமெண்டு சொல்லமாட்டா."

மிச்ச நாலு நாளும் அவருக்கு நாலு மாதம். கத்தரிக்காய் வந்தது, சாப்பிட்டார். பூசணிக்காய் வந்தது, சாப்பிட்டார். செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போய்க் கௌரிக் காப்புக்குக் கையை நீட்டினபோது, அம்மனிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதற்கு எட்டுக் கால், இரண்டு கொடுக்கு. அன்று பின்னேரம் கொட்டிலுக்குள் போய் உரப்பையைத் தடவியும் பார்த்தார். சட்டி வெடிக்காமல் இருந்தது.

புதன் விடிந்தது. பதினொரு மணிக்கு லெனாட்டும் செபஸ்தியம்மாவும் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். லெனாட்டின் கையில் ஒரு பை. பை அசைந்தது. அதைக் கண்டதும் தியாகலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"மனிசி தந்துவிட்டவ அக்கா," என்றார் லெனாட், அந்த மனிசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

"ஏன் உங்களுக்கு உந்தக் கரைச்சல்? கொண்டாங்கோ, கொண்டாங்கோ." ஞானாம்பிகை இரண்டு கையாலும் பையை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனார். ஒரு சொல் மறுத்துச் சொல்லவில்லை.

தியாகலிங்கம் விறாந்தையில் இருந்து ஊர்க் கதை கதைத்தார். என்ன கதைத்தார் என்று அவருக்கே தெரியாது. காது பின்வளவில் இருந்தது. அரைமணி நேரத்தில் காதுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. மூக்கு பொறுப்பெடுத்துக்கொண்டது. வறுத்த தூள். உள்ளி. புளி. பிறகு, இறக்குகிற நேரத்தில் போடுகிற முருங்கையிலை. முப்பத்தொரு நாளுக்குப் பிறகு நண்டுக்கறி வாசம், காற்றோடு விறாந்தைக்கு வந்தது.

"மணக்குதே?" என்று லெனாட்டின் காதுக்குள் கேட்டார்.

"ஓமண்ணை. அந்தமாதிரி மணக்குது."

இலை போட்டாயிற்று. சோறு வந்தது. பருப்பு வந்தது. கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய்க் கறி, பயித்தங்காய்ப் பிரட்டல், வாழைப்பூ வறை, பாகற்காய்ப் பொரியல், கீரை, மாங்காய்ச் சம்பல், இன்னும் இரண்டு மூன்று, அப்பளம், மோர் மிளகாய். தியாகலிங்கம் ஒரு பெரியமனிசச் சிரிப்போடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் சைவம் வரும், பிறகு பெரிய சாமான் வரும். கலியாண வீட்டிலும் மாப்பிள்ளை பிந்தித்தானே வாறவர்.

அவர் சோற்றை இரண்டாகப் பிரித்தார். சின்னப் பங்கைப் பருப்போடு பிசைந்து பேருக்குச் சாப்பிட்டார். பெரிய பங்கை இலையின் ஓரமாய் ஒதுக்கி, நடுவில் ஒரு குழியும் தோண்டி வைத்தார். நண்டுக் குழம்பு விட.

"என்ன, சாப்பிடுறியள் இல்லை?" என்று கேட்டார் ஞானாம்பிகை.

"ஆறுதலாய்ச் சாப்பிடுவம்."

பக்கத்தில் லெனாட் ஆறுதலாய்ச் சாப்பிடவில்லை. குனிந்த தலை நிமிரவில்லை.

"அக்கா, இது என்னது?"

"வாழைப்பூ வறை."

"இன்னும் கொஞ்சம் வையுங்கோ. இந்தப் பால்கறியும்."

"பொறு லெனாட்," என்றார் தியாகலிங்கம். "வயித்திலை இடம் வைச்சிரு."

"ஏனண்ணை?"

"சொன்னதைக் கேள்."

லெனாட் கேட்கவில்லை. மூன்றாம் தரமும் சோறு வாங்கினார். செபஸ்தியம்மா முருங்கைக்காயைச் சூப்பிச் சூப்பி இலையோரம் ஒரு குவியல் வைத்துவிட்டார். ரசம் வந்தது. தியாகலிங்கம் கையால் மறித்தார். குழி குழியாகவே இருந்தது.

பிறகு பாயாசம் வந்தது.

பாயாசத்துக்குப் பிறகு உலகத்தில் எந்த வீட்டிலாவது நண்டுக்கறி வந்திருக்கிறதா? தியாகலிங்கம் எச்சில் கையோடு எழுந்து பின்பக்கம் போனார். வெளி அடுப்பில் நெருப்பு இல்லை. அதற்குள் பூனை படுத்திருந்தது. கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார். மச்சச் சட்டி கட்டின கட்டு அவிழாமல் கிடந்தது. ஆனால் வாசம் மட்டும் இன்னும் வந்துகொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம், பூரணம் வீட்டிலிருந்து.

ஞானாம்பிகை பின்னாலேயே வந்து நின்றார்.

"நண்டு எங்கை?"

"மெல்லக் கதையுங்கோ, ஆக்கள் இருக்கினம். பூரணமக்காவிட்டைக் குடுத்தனான். அவ சீனி வருத்தக்காரி. விரதம் பிடிக்கக் கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்."

"மூண்டு கிலோவையும் சும்மா தூக்கிக் குடுத்தனீயே?"

"சும்மா ஏன் குடுக்கிறன்? வாழைப்பூ, முருங்கைக்காய், பயித்தங்காய் எல்லாம் அவவின்ரை வளவிலை காலமை ஆய்ஞ்சு தந்தவ. இல்லாட்டி இத்தினை கறிக்கு நான் எங்கை போறது? நீங்கள் சாப்பிட்டதுதான் உங்கடை நண்டு."

"காலமையோ? நண்டு பதினொரு மணிக்கெல்லே வந்தது?"

"செபஸ்தியம்மா சனிக்கிழமையே போன் எடுத்தவ. 'அக்கா, உங்களுக்கு விரதக் காலமெல்லே, அண்ணை நண்டு கேக்கிறார், என்ன செய்ய' எண்டு. பாவம், கொண்டு வாங்கோ எண்டு நான்தான் சொன்னனான்."

தியாகலிங்கம் விடவில்லை. கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"ஞானம், புதன் சும்மா நாளெண்டு உனக்குக் காட்டினன் தானே?"

"காட்டினீங்கள். நானும் வடிவாய்ப் பாத்தன். வாக்கியத்திலை கந்தசட்டி புதன் தொடங்குது. திருக்கணிதத்திலை கௌரி புதன்தான் முடியுது. அப்ப இண்டைக்கு இரண்டு விரதமும் ஒண்டாய் வந்த நாள். இப்பிடி ஒரு நாள் கிடைக்க நாங்கள் குடுத்து வைச்சிருக்க வேணும்."

அவருக்கு அழுகை வந்தது. அறுபத்தொரு வயதில் நண்டுக்காக அழுதார் என்று ஊர் சொல்லும். ஆனபடியால் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

லெனாட் சாப்பிட்டு முடித்து, வயிற்றைத் தடவிக்கொண்டு இருந்தார்.

"அண்ணை, ஒண்டு சொல்லட்டே. பிறந்ததிலை இருந்து மீனும் நண்டும்தான். ஆர் வீட்டை போனாலும், கடற்கரை ஆக்கள் எண்டுபோட்டு எங்களுக்கு மீனைத்தான் வைப்பினம். இண்டைக்குத்தான் ஒரு வீட்டிலை மரியாதையாய் ஒரு சாப்பாடு."

மரியாதை என்ற சொல்லைக் கேட்டதும் தியாகலிங்கம் முகட்டைப் பார்த்தார். செபஸ்தியம்மா மிஞ்சின கறிகளை எல்லாம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்தப் பொதியை ஓட்டோ வரை தூக்கிக்கொண்டு போனவர் தியாகலிங்கம்தான். பூரணம் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "நண்டு நல்ல சதை" என்று லெனாட்டுக்கு நன்றி சொன்னார்.

பின்னேரம் ஞானாம்பிகை சுத்தியலையும் ஒரு ஆணியையும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

"உதிலை அடியுங்கோ. வாக்கியத்துக்குப் பக்கத்திலை."

அடித்தார். புதுப் பஞ்சாங்கம் ஆணியில் ஏறியது.

"விரதம் முடிக்கிற பாறணை செவ்வாய்தானே?" என்று மெல்லக் கேட்டார்.

"வாக்கியத்திலை செவ்வாய். திருக்கணிதத்திலை புதன். புதனே வைப்பம்."

"அப்ப வியாழன் மச்சம் காய்ச்சலாம்."

"வியாழன் காய்ச்சினால் வெள்ளிக்கு வீடு முழுக்கக் கழுவ வேணும். ஆர் கழுவுறது?"

"சனி?"

"உங்களுக்கு ஏழரை நடக்குதெல்லே. சனிக்கு எள்ளெண்ணெய் எரிக்க வேணும்."

ஞாயிறைப் பற்றிக் கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை. ஞானாம்பிகை இரண்டு பஞ்சாங்கத்தையும் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"நல்லகாலம் நீங்கள் உதை வாங்கிக்கொண்டு வந்தது. இவ்வளவு வருசமும் நாங்கள் பாதி விரதம்தான் பிடிச்சிருக்கிறம்."