பூட்டு அண்ணனும் பச்சை வயரும்

மின்சாரத்துக்குப் பயந்தவர்களை வரிசையில் நிறுத்தினால், கேமரன் மலையில் முதல் ஆள் எங்கள் பூட்டு அண்ணன்தான். அவருக்குத் தொழிலே வயரிங்.

கோலா தெர்லாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். சொந்தப் பெயர் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. வந்ததும் மெயின் சுவிட்சை அணைத்து அடைக்கச் சொல்வார். அந்தப் பெட்டிக்கு ஒரு பூட்டைப் போட்டு, சாவியைக் கறுப்புக் கயிற்றில் கழுத்தில் மாட்டிக்கொள்வார். புதிதாகப் பார்க்கிறவர்கள் தாயத்து என்றே நினைப்பார்கள்.

"நான்தான் அடைச்சிட்டேனே, பூட்டு எதுக்குண்ணே?" என்றால், "நீங்க அடைச்சீங்க. தெறக்கறதுக்கு வீட்ல எத்தன கை இருக்கு?" என்பார். பிறகு அவர் பூட்டையும் நம்பாமல், கரண்டு இருக்கிறதா என்று டெஸ்ட் பென்னை வைத்துப் பார்ப்பார். ஒருமுறை பக்கத்து வீட்டுப் பெட்டியைப் பூட்டிவிட்டு, கழுத்துச் சாவியோடு கம்போங் ராஜா டவுனுக்கு ரொட்டி சானாய் சாப்பிடப் போனவர் மறுநாள்தான் திரும்பினார். அந்த வீட்டு ஐஸ்பெட்டியில் மீனெல்லாம் நாறி, பூனைகளுக்கு அன்று தீபாவளி.

அப்படிப்பட்டவரை என் தங்கையின் பரிசத்தன்று கூப்பிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். தங்கைக்கு முன்பு வந்த இரண்டு இடமும் எங்கள் தோட்டத்து லயத்து வீட்டைப் பார்த்துவிட்டு நழுவிவிட்டன. இந்த இடமாவது தகையட்டும் என்று அம்மா ஹாலில் தொங்கவிட ஒரு பெரிய பித்தளை விளக்கு வாங்கியிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் நான்கு மணிக்கு வருகிறார்கள்.

அண்ணன் ஏணியில் ஏறிப் பழைய பல்பைக் கழற்றினார். கூரையில் இரண்டே வயர்.

"எர்த்து இல்ல."

"பரவால்லண்ணே, இன்னைக்கு ஒரு நாள் எரிஞ்சாப் போதும்."

"பித்தள விளக்குலா. பச்ச எர்த்து வயர் இல்லாம மாட்ட மாட்டேன். கம்போங் ராஜா போயி வாங்கிட்டு வந்திர்றேன்."

போனார். சாவியும் கூடவே போனது. அன்று பார்த்து வளைவில் ஒரு காய்கறி லோரி படுத்துக்கொண்டு ரோட்டை அடைத்தது. மணி நான்கு. பனி வந்தது, மாப்பிள்ளை வீடு வந்தது, கரண்டு வரவில்லை. காமாட்சி விளக்கை முகத்தருகே தூக்கிப் பிடித்துத்தான் மாப்பிள்ளையின் அத்தை என் தங்கையைப் பார்த்தார். அம்மா சிரித்த முகத்தோடு பலகாரம் நீட்டிக்கொண்டே என் காதில், "அவன் இனிமே இந்த வாசப்படிய மிதிக்கட்டும், அப்புறம் இருக்கு" என்றார்.

ஐந்தரைக்கு அண்ணன் வந்தார். கூட்டத்துக்கு நடுவில் ஏணியை நாட்டி, "ஐயா, கால கொஞ்சம் எடுங்க" என்றார் சம்பந்தியிடம். மாப்பிள்ளை கையில் டார்ச்சைக் கொடுத்து, "தம்பி, ஆடாமப் புடிங்க" என்றார். பாவம், அந்தப் பிள்ளை அரை மணி நேரம் அண்ணாந்து நின்றது. மெயின் பெட்டியிலிருந்து பச்சை வயர் வந்து சேர்ந்தது, விளக்கு எரிந்தது, பரிசமும் முடிந்தது. அம்மா அவருக்கு ஒரு டீ கூடக் கொடுக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்பு வீடு துடைத்தபோது, அம்மா ஸ்டூலில் ஏறி, எரிந்துகொண்டிருந்த அந்த விளக்கை இழுத்து ஈரத்துணியால் தேய்த்தார். டக்கென்று வீடே அணைந்தது.

"பாத்தியா அவன் வேலயோட லட்சணத்த! கூப்பிடு அவன."

அண்ணன் வந்தார், பூட்டினார், விளக்கைப் பிரித்தார். உள்ளே வயரின் தோல் உரிந்து, கம்பி பித்தளையைத் தொட்டுக்கொண்டிருந்தது. தோல் உரிந்தது வாங்கும்போதே இருந்த கோளாறு; அம்மா இழுத்ததில்தான் கம்பி பித்தளையில் பட்டிருக்கிறது.

"நல்லவேள, கரண்டு பச்ச வயர்ல எறங்கி மெயின் தானா விழுந்து அணைஞ்சிருச்சி. அது இல்லன்னா ஒங்க வழியாத்தான் எறங்கியிருக்கும்கா."

 அம்மா நேரே அடுப்படிக்குப் போய் டீ போட்டார். கூடவே இரண்டு முறுக்கு. அண்ணன் கிளம்பும்போது, "தம்பி, இந்தப் பூட்டு எங்க விக்குது?" என்று கேட்டார். அண்ணன் பூட்டையும் கழுத்துக் கயிற்றுச் சாவியையும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போதெல்லாம் விளக்கைத் துடைக்கிற நாளில் அம்மா பெட்டியைப் பூட்டிவிடுகிறார். அப்பா டிவி செய்திக்காகக் கத்தினாலும் திறப்பதில்லை. சாவி தாலிக்கொடியில் தொங்குகிறது. அதை ஏன் அங்கே போட்டாய் என்று கேட்டேன்.

"அந்தப் புள்ள குடுத்ததுடா. வேற எங்க வைக்கச் சொல்ற?"