ஏழு ஓட்டை

“இந்த வீட்ல இன்னொரு தடவ வாசிச்சீங்க, பைப்பும் வெளிய, நீங்களும் வெளிய!” என்று மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

பிளம்பருக்கு அவள் பக்க நியாயம் புரியாமல் இல்லை. பகலெல்லாம் ஊரார் வீட்டு ஓட்டைகளை அடைக்கிறவர், மீந்துபோன பைப்பில் தானே ஓட்டை போட்டுப் புல்லாங்குழல் என்று ஊதினால் யார்தான் பொறுப்பார்கள்? குளியலறையில் ஊதிப் பார்த்தார், மேல்வீட்டுக்காரர் தரையைத் தட்டினார். மொட்டை மாடியில் ஊதினார், தெருநாய்கள் கூடவே பாடின. ஆனாலும் ஒரே ஒரு முறை நாலு பேர் உட்கார்ந்து கேட்க வாசித்துவிட வேண்டும் என்பது அவருடைய பதினைந்து வருஷத்து ஆசை.

நூலகத்தில் ஒழுகும் குழாயைச் சரிசெய்யப் போனபோதுதான் அந்த போர்டைப் பார்த்தார். ‘வீட்டில் வாசிக்க இடமில்லையா? வாசிப்பு வட்டத்துக்கு வாருங்கள். சாமானியர்களுக்கு முன்னுரிமை.’

தனக்கென்றே எழுதி வைத்ததுபோல் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம், இஸ்திரி போட்ட சட்டையோடு, குழலைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு போனார். காவலாளி கதவைத் திறந்துவிட்டார். உள்ளே பன்னிரண்டு பேர், ஒரே தலையணை கனப் புத்தகத்தை ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு. ஸ்வரத்தை எழுதி வைத்துப் பார்த்து வாசிக்கிற பெரிய ஆட்கள் போலிருக்கிறது என்று பிளம்பர் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார்.

“என்ன தொழில் பண்றீங்க?” என்றார் தலைவர். ஓய்வுபெற்ற பேராசிரியர்.

“பிளம்பர் சார்.”

தலைவர் எழுந்தே நின்றுவிட்டார். “கலை சாமானியனுக்கு எட்டுமான்னு நாலு வருஷமா பேசிட்டிருக்கோம். சாமானியன் நேர்ல வந்தது இதான் முதல் தடவை!”

எல்லோரும் கைதட்டினார்கள்.

“நல்லா வாசிப்பீங்களா?”

“சுமாரா வாசிப்பேன் சார். நேத்துகூட வாசிச்சேன், பாதியிலேயே வீட்டுக்காரி பிடுங்கிட்டா.”

“எல்லா வீட்லயும் இதே கதைதான்” என்று பக்கத்தில் இருந்த வங்கி அதிகாரி ஒருவர் பெருமூச்சு விட்டார்.

“கஷ்டமா இல்லையா?” என்றார் தலைவர்.

“மூச்சு முட்டும் சார். தலைகூடச் சுத்தும்.”

“உண்மை” என்று தலைவர் தன் புத்தகத்தின் அட்டையைத் தடவினார். “இதுல உங்களுக்கு முக்கியமாப் பட்டது எது?”

பிளம்பர் தன் பையைத் தடவினார். “ஓட்டைதான் சார். மொத்தம் ஏழு ஓட்டை.”

பன்னிரண்டு பேரும் குறித்துக்கொண்டார்கள்.

“எனக்கு எட்டுன்னு தோணிச்சு” என்றார் வங்கி அதிகாரி, விட்டுக்கொடுக்காமல்.

“எட்டு உள்ளதும் இருக்கு சார்.”

“அது ரெண்டாம் பதிப்பு” என்றார் தலைவர்.

“எத்தனை இருந்தா என்ன சார்? எதை மூடறோம், எதைத் திறக்கறோம், அதுலதான் விஷயமே இருக்கு.”

வட்டத்தில் இருந்த கவிஞர் அம்மா ஒருவருக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே பிளம்பரைத் துணைத்தலைவர் ஆக்கினார்கள்.

பதவி வந்தும் பிளம்பருக்கு ஒன்று உறுத்தியது. “சார், பேசிட்டே இருக்கோமே, எப்ப வாசிக்கிறது?”

அறையில் சிலர் இருமினார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“அதெல்லாம் வீட்லயே வாசிச்சிட்டு வந்துடுவாங்க” என்றார் தலைவர்.

“வீட்ல முடியாமத்தானே சார் இங்க வந்தேன்? போர்டுலயும் அப்படித்தானே போட்டிருக்கு?”

தலைவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். “சரி, ஒரு பக்கம் வாசிங்க.”

பிளம்பர் குழலை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு பதினைந்து வருஷ ஆசையையும் ஐந்து நிமிஷத்தில் ஊதித் தீர்த்தார். யாரும் தரையைத் தட்டவில்லை. ஒரு நாயும் குரைக்கவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததே இல்லை.

கண்ணைத் திறந்தார்.

“யோவ்! இது புத்தகம் வாசிக்கிற வட்டம்யா!” என்று தலைவர் கத்தினார். துணைத்தலைவர் பதவி கால் மணி நேரத்தில் பறிபோனது.

வெட்கத்தில் காது சுட, குழலைப் பைக்குள் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். காவலாளி ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

“என்னண்ணே, அதுக்குள்ள கிளம்பிட்டீங்க?”

“இடம் தெரியாம வந்துட்டேம்பா. அவங்கள்லாம் புத்தகம் வாசிக்கிறவங்களாம்.”

“அந்தப் புத்தகத்தையெல்லாம் அடுக்கி வைக்கிறவன் நான். ஒண்ணுலயும் இன்னும் ஒட்டின பக்கம்கூடப் பிரியல” என்றார் காவலாளி. “நாலு வருஷமா இந்தக் கதவைத் திறந்து மூடறேண்ணே. உள்ள போய் வாசிச்சது நீங்க ஒருத்தர்தான்.”