வெயில் பக்கத்துச் சட்டை

அன்புள்ள கணவருக்கு,

வீட்டில் இருந்த ஒரே நல்ல சட்டையைத் திருடிக்கொண்டு போனவர் நீங்கள்.

முக்கியமானதை முதலில் எழுதிவிட்டேன். இனி முறைப்படி: நான் நலம், உங்கள் அம்மா நலம், மின்விசிறிக்கு மட்டும் உடம்பு சரியில்லை. உங்கள் நலம் அறிய ஆவல். அந்தக் கட்டம்போட்ட சட்டையின் நலம் அறிய அதைவிட ஆவல். போனில் கேட்டால், “சாப்டியா, அம்மா சாப்டாங்களா, பக்கத்து வீட்ல சாப்டாங்களா” என்று தெருவையே விசாரிக்கிறீர்கள். சட்டைக்கு வரும்போது மட்டும் உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. லீவு முடிந்து திரும்பும் உங்கள் அறை நண்பர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். காகிதத்துக்கு சிக்னல் தேவையில்லை.

நீங்கள் வேலை பார்ப்பது மீனை உறைய வைக்கிற குளிர்க் கிடங்கில். மூச்சு விட்டால் புகை வருகிறது என்று நீங்களே சொன்னீர்கள். அங்கே எதற்கு, துவைத்துத் துவைத்து நைந்துபோன ஒரு பருத்திச் சட்டை? நான் இன்னும் இங்கே நடைபாதைக்குக் கல் பதித்துக்கொண்டிருக்கிறேன். கொதிக்கிற பானையின் மூடியைத் திறந்தாற்போல் காற்று முகத்தில் அடிக்கிறது. வேர்வை வருகிறது, காயத்தான் மாட்டேன் என்கிறது. அந்தச் சட்டை தொளதொளவென்று, முழுக்கையோடு, வெளுத்துப்போய் இருக்கும். காலரில் நுழைகிற காற்று கைவழியே வெளியேறும். சட்டை ஒன்று, நாம் இருவர். அதனால் தெருவில் வெயில் பக்கம் வேலை செய்கிறவருக்குத்தான் சட்டை என்று பேசி வைத்திருந்தோம். மதியத்துக்கு மேல் வெயில் பக்கம் மாறும், நனைந்தபடியே சட்டையும் ஆள் மாறும். “ஒரே சட்டைக்குள்ள குடும்பம் நடத்துறாங்கப்பா” என்று மேஸ்திரி அக்கா கத்துவாள், மொத்தத் தெருவும் சிரிக்கும். இப்போது வெயில் எந்தப் பக்கம் போனாலும் அங்கே நான்தான் நிற்கிறேன்.

வேறு சட்டை வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். கேளுங்கள். கம்பெனியே சட்டை தருவதாகச் சொல்லி, அதைத் தேர்ந்தெடுக்க ஒரு கூட்டம் போட்டார்கள். ஏசி அறையில். தொழிலாளர் சார்பில் மேஸ்திரி அக்காவையும் என்னையும் கூப்பிட்டு, கால் மண்ணோடு கம்பளத்தின் ஓரத்தில் நிறுத்தினார்கள். பாதுகாப்பு அதிகாரி ஒரு பளபளப்பான துணியை விரலால் தேய்த்துக்காட்டி, “இது வேர்வைய உறிஞ்சவே உறிஞ்சாதும்மா” என்றார், ஏதோ எங்களுக்கு வரம் கொடுப்பதுபோல. “அப்ப வேர்வை எங்க சார் போகும்?” என்றேன். அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், அவர் அடுத்தவரைப் பார்த்தார், என் கேள்வி மேசையை ஒரு சுற்றுச் சுற்றி என்னிடமே திரும்பி வந்தது. பிறகு அதிகாரியே அந்தத் துணியில் தைத்த மாதிரிச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஏசிக்கு நேர்கீழே கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்து, “லேசா குளிருதே” என்றார். இன்னும் தடிமனான துணியில் தைக்கச் சொல்லிவிட்டார்கள். சத்தியமாக நான் இட்டுக்கட்டவில்லை.

ஆரஞ்சு நிறத்தில் வந்து சேர்ந்தது. கையைத் தூக்கினால் அக்குளிலிருந்து குழாய் திறந்த மாதிரி கொட்டியது. வேலை நேரத்தில் தண்ணீரே குடிக்காததால் ஒட்டகம் என்று பெயர் வாங்கினானே, அந்த நெட்டையன், கல்லைப் பிடித்தபடியே மயங்கிச் சாய்ந்தான். அதிகாரி வந்து பார்த்துவிட்டு, காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறான் என்று எழுதிக்கொண்டு போனார். சாப்பிட்டான். என் டப்பாவில் பாதியைச் சாப்பிட்டவனே அவன்தான். பிளாஸ்டிக் உறைக்குள் ஆளைப் போட்டு வெயிலில் வைத்தது அவர்கள், பழி மட்டும் அவன் வயிற்றின் மேல். அதற்குப் பிறகு, மேலிடத்திலிருந்து ஆள் வரும் நாளில் மட்டும் அதைப் போட்டால் போதும் என்று வாயால் சொன்னார்கள். எழுத்தில் தரமாட்டார்களாம்.

சரி, நானே தேடுகிறேன் என்று கிளம்பினேன். மெல்லிசாக ஒரு கறுப்புச் சட்டை எடுத்தேன், அது ஊர் வெயிலையெல்லாம் அழைத்து மடியில் உட்கார்த்திக்கொண்டது. கையில்லாதது ஒன்று போட்டேன், தோள் கருகி ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. வெள்ளையில் கொஞ்சம் இறுக்கமாகப் போட்டேன், நனைந்ததும் டீக்கடைப் பக்கம் திரும்ப முடியவில்லை. மூட வேண்டியது அங்கே நின்ற ஆண்கள் கண்ணை, ஆனால் அந்த வெக்கையில் துண்டைப் போர்த்திக்கொண்டது நான். கடைசியில் உங்கள் அம்மா, “ஜன்னல் திரை பருத்திதாண்டி, தைச்சுப் போடு” என்றார். தைத்தேன். அருமையாக இருந்தது, உங்கள் சட்டைக்குத் தங்கச்சி மாதிரி. ஆனால் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புப் பூ. சூப்பர்வைசர், “என்னம்மா, பார்க் வேலை அடுத்த தெருவுல நடக்குது” என்றான். இப்போது ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக்காரர் எங்கள் வீட்டு டிவியைப் பார்க்கிறார். நேற்று சத்தத்தைக் கூட்டச் சொன்னார்.

இந்த நிலையில்தான் உங்கள் பார்சல் வந்தது. ஆசையோடு பிரித்தேன். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த தடித்த மேல்கோட்டு! அதுவும் புதிதில்லை, நீங்கள் போட்டுத் தேய்ந்தது. கம்பெனி உங்களுக்கு வேறு கொடுத்ததாம், இதை எனக்கு அனுப்பினீர்களாம். பக்கத்து வீட்டு அக்கா சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்குப் போனில், “நல்லா மூடிக்க, குளிர்ல நிக்காத” என்றீர்கள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் சுரீர் என்றது. எந்தக் குளிர்? அந்தக் கிடங்கு உங்களுக்கு நம் வெயிலையே மறக்கடித்துவிட்டதா? வெயிலை மறந்தவர் அதில் நிற்கிறவளை எத்தனை நாள் நினைவில் வைத்திருப்பார்?

லீவில் வீட்டுக்கு வந்த உங்கள் அறை நண்பரிடமே கேட்டேன். “தம்பி, அந்தக் கட்டம்போட்ட சட்டைய உங்க ஃப்ரெண்டு போடுறாரா?”

“அத போட்டு நான் பாத்ததே இல்ல அண்ணி.”

“பின்ன?”

“தலகாணில சுத்தி வச்சிருக்கான். துவைக்க விடமாட்டான். ரூமே நாறுதுடான்னு சண்டையே போட்டாச்சு.”

உங்கள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். நீங்கள் புறப்பட்ட அன்று கடைசியாக வெயில் பக்கம் நின்றது நான். அந்தச் சட்டையில் இருப்பது என் வேர்வை. அதைத் தலைக்கு வைத்துக்கொண்டு நீங்கள் தூங்குவீர்கள், நான் இங்கே திரையைக் கட்டிக்கொண்டு கல் பதிக்க வேண்டுமா? இது என்ன நியாயம்? உடனே சட்டையை அனுப்புங்கள். உங்கள் கோட்டை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கணக்கு தீர்ந்தது.

அம்மா ஆசி சொல்லச் சொன்னார், காதை மூடிக்கொண்டு வேலை பார்க்கச் சொன்னார். ஒட்டகம் விசாரித்தான், இப்போதெல்லாம் தண்ணீர் குடிக்கிறான். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி,
வெயில் பக்கம்.

பி.கு.: பையில் கோட்டைத் தேடாதீர்கள். கட்டி வைத்ததைப் பிரித்து எடுத்துவிட்டேன். முழங்கை மடியும் இடத்தில் நீங்கள் மடக்கியபடியே மடிந்திருக்கிறது, நீவினாலும் நேராகவில்லை. மின்விசிறியும் ஓடாத வெக்கையில் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “பைத்தியமாடி உனக்கு” என்றார் உங்கள் அம்மா. சட்டையையும் அனுப்ப வேண்டாம். துவைக்கவும் வேண்டாம். மாட்டிக்கொண்டு நேரே வந்து சேர். வெயில் பக்கம் வேண்டுமானால் நாள் முழுக்க நானே நிற்கிறேன். எப்பய்யா வர்ற? உன் நண்பரிடமும் இதைத்தான் கேட்டேன். பதிலுக்கு அவர் குடிக்க இன்னும் கொஞ்சம் தண்ணீர் கேட்டார்.