அகா ஆற்றில் ஒரு மீன்

மீனின் வால் சரியில்லை.

பேருந்து இறக்கிவிட்டுப் போன பிறகுதான் முராசே அதைக் கவனித்தார். ரயிலடிப் பக்கத்துப் பண்ணையில் அவசரமாக வாங்கிய ட்ரௌட் மீன். சிமெண்டுத் தொட்டியில் உரசி உரசி வால் தேய்ந்து, கரண்டி மாதிரி உருண்டிருந்தது. காட்டாற்று மீனுக்கு வால் விசிறி மாதிரி விரிந்து நிற்கும். முராசே புத்தகத்தில் பார்த்திருக்கிறார்.

பாலத்தடியில் உட்கார்ந்து, தூண்டில் பெட்டியில் இருந்த கத்தரிக்கோலால் வாலைக் கூராக்கினார். ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது. மறுபக்கத்தைச் சமப்படுத்தினார். இப்போது எலி கடித்தது போல் இருந்தது.

இதற்கு மேல் வெட்டினால் வாலே மிஞ்சாது என்று கத்தரிக்கோலை மூடினார்.

முராசேவுக்கு நாற்பத்தெட்டு வயது. காப்பீட்டுக் கம்பெனியில் வேலை, கல்யாணம் ஆகவில்லை. ஏழு வருடங்களுக்கு முன்பு, முதுகுவலிக்கு வெந்நீர் ஊற்றில் குளிக்கலாம் என்று இந்த மலைக்கிராமத்துக்கு வந்தவர், விடுதி நடத்தும் கயோகோவைப் பார்த்தார். முதுகுவலி போய்விட்டது. அடுத்த வருடம் வருவதற்கு ஒரு காரணம் வேண்டுமே? தூண்டில் வாங்கினார்.

அதிலிருந்து ஒவ்வொரு செப்டம்பர் கடைசியிலும், மீன்பிடி காலம் முடிவதற்கு முன்பாக, மூன்று நாள் அகா ஆற்றில் நிற்பார். சிவந்த பாறைகள், பச்சைத் தண்ணீர், மீனை ஏமாற்றக் கொக்கியில் இறகு சுற்றிய பொய்ப்பூச்சி. மற்ற ஆறுகளில் அனுமதிச் சீட்டு கேட்பார்கள், ஆட்கள் தோளோடு தோள் உரசுவார்கள். இங்கே சீட்டும் இல்லை, கூட்டமும் இல்லை. கயோகோ கோழி இறகுகளைச் சேர்த்து வைத்துத் தருவாள், பூச்சி கட்டுவதற்கு. கொக்கிகள் மட்டும் வருடா வருடம் பொடிந்துபோகும். கடைக்காரன் ஏமாற்றுகிறான் என்று கடையை மாற்றினார்.

மீன் ஒன்றுகூட மாட்டியதில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் கயோகோ, “இன்னைக்கு எப்படி?” என்று கேட்டால், “ரெண்டு பிடிச்சேன். பாவமா இருந்துச்சு, விட்டுட்டேன்” என்பார்.

ஆனால் அக்டோபரிலிருந்து அவருக்கு ககோஷிமாவுக்கு மாற்றல். நாட்டின் மறுகோடி. இந்த முறை கேட்டே ஆகவேண்டும். ஆறு வருடமாக வெறுங்கையோடு வந்தவன் இன்றும் வெறுங்கையோடு போய் எப்படிக் கேட்பது?

அதற்குத்தான் இந்த மீன்.

*

“சமையக்கட்டுல வச்சிடுங்க” என்று முராசே சாதாரணமாகச் சொல்லிப் பையை நீட்டினார்.

சமையல்கார தோமே அக்கா திறந்து பார்த்தாள். “பண்ணையில வாங்கினீங்களா சார்?”

“என்ன பேச்சு இது? நானே பிடிச்சது.”

“எங்க?”

“வேற எங்க? அகா ஆத்துலதான்.”

கையிலிருந்த அகப்பை சூப்பில் முழுகியது. “நம்ம அகா ஆத்துலயா?” என்று கத்தினாள்.

கயோகோ ஓடிவந்தாள். மீனைப் பார்த்தாள், வாலைப் பார்த்தாள், முராசேவைப் பார்த்தாள். பிறகு கிமோனோக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாலைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று முராசேவுக்கு வியர்த்தது. “வால் ஒண்ணுமில்ல... பெரிய மீன் ஒண்ணு துரத்திக் கடிச்சிருக்கும்.”

“இதைவிடப் பெருசா இன்னொண்ணு வேற இருக்கா?” தோமே அக்கா முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “நான் தலைவரைக் கூப்பிடறேன்!”

“வேண்டாம் தோமே அக்கா” என்றாள் கயோகோ. அதற்குள் தோமே அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் தாண்டியிருந்தாள்.

ஊர்த்தலைவர் ஒகுமா வந்தார். மீனுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றினார். ஒரு மீனுக்கு இவ்வளவு மரியாதையா என்று முராசேவுக்கு விளங்கவில்லை.

“வயிறு கீறியிருக்கே?”

“ஆத்தோரமே சுத்தம் பண்ணிட்டேன்.”

“ஆறு வருஷத்துல மொத்தம் எத்தனை பிடிச்சிருப்பீங்க?”

முராசே மனக்கணக்குப் போட்டார். சொன்னது எல்லாவற்றையும் கூட்டினால்... “ஒரு நாப்பது.”

“நாப்பதையும் விட்டுட்டீங்க?”

“விட்டுட்டேன்.”

“யார்கிட்டயும் சொல்லாம!” தலைவரின் கண் கலங்கிவிட்டது. “இந்த மாதிரி ஒரு மனுஷனை நான் பார்த்ததில்லை.”

மீன்மேல் கறுப்பு மையைத் தடவி, காகிதத்தை ஒற்றி அச்சு எடுத்தார்கள். செதில் செதிலாக மீன் காகிதத்தில் இறங்கியது, எலி கடித்த வாலோடு. கீழே தேதியையும் பிடித்தவர் பெயரையும் எழுதிவிட்டு, ‘இடம்: அகா ஆறு’ என்று எழுதத் தலைவர் தூரிகையை மறுபடியும் மையில் தோய்த்தார்.

“இடத்தை மட்டும் எழுதாம விடலாமே தலைவரே” என்றாள் கயோகோ, தரையைப் பார்த்தபடி.

“அதுதாம்மா முக்கியம்! நாளைக்கே பல்கலைக்கழகத்துக்கு போன் போடறேன். அதுக்கு முன்னால, காலையில பத்து மணிக்கு ஊரே ஆத்தங்கரைக்கு வரும். எங்க கண்ணு முன்னால இன்னொண்ணு பிடிச்சுக் காட்டணும் சார்.”

“மீன் கூச்ச சுபாவம். கூட்டத்தைப் பார்த்தா...”

“நாங்க மூச்சு விடமாட்டோம்.”

ஒரு மீன் பிடித்ததற்குப் பல்கலைக்கழகம் எதற்கு? முராசேவுக்கு அந்தச் சந்தேகத்திலேயே சாப்பாடு இறங்கவில்லை. கயோகோ பரிமாறும்போது ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, “இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா?” என்றாள்.

*

முதல் பேருந்தில் முராசே இறங்கிப் போனார். பண்ணைக்காரர் மீனைப் பொட்டலம் கட்டி முடிப்பதற்குள் திரும்பும் பேருந்து ஹாரன் அடித்தது. பிடுங்கிக்கொண்டு ஓடிவந்து ஏறினார். ஒன்பது மணிக்கெல்லாம் ஆற்றில், பாலத்துக்குக் கீழே, சிவப்புப் பாறையின் இடுக்கில் அதைச் செருகி, தூண்டில் நரம்பின் ஒரு நுனியை அதன் வாயில் கட்டி, மறுநுனியைக் கரையோரக் கல்லில் சுற்றினார். வால்கூட நன்றாக இருந்ததைப் பார்த்துத் தெம்பு வந்தது.

பத்து மணிக்கு இருபது முப்பது பேர் கரையில் நின்றார்கள். யாரும் மூச்சு விடவில்லை.

முராசே கல்லில் இருந்த நரம்பைத் தூண்டிலோடு நைசாக இணைத்தார். கோலை வீசினார். சாய்த்தார், இழுத்தார், பல்லைக் கடித்தார், தண்ணீரில் இரண்டடி தடுமாறினார். ஆறு வருடம் ஒத்திகை பார்த்த நடிப்பு அத்தனையும் வெளியே வந்தது.

மீன் பளபளவென்று துள்ளி வந்து கரையில் விழுந்தது. அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

தலைவர் இரண்டு கைகளாலும் ஏந்தினார். திருப்பிப் பார்த்தார். கைதட்டல் ஓய்ந்தது.

மீனின் வயிறு கீறப்பட்டு, குடல் எடுக்கப்பட்டு, சுத்தமாகக் கழுவப்பட்டிருந்தது. அவசரத்தில் முராசே வாலை மட்டும்தான் பார்த்திருந்தார். பண்ணைக்காரர் வயிற்றுக்குள்ளே வால்வரை மூங்கில் குச்சியும் செருகியிருந்தார், அப்படியே தணலில் வைத்துச் சுடுவதற்கு வசதியாக.

“ஆத்துக்குள்ளயே சுத்தம் பண்ணிக்குதா சார்?” என்றார் தலைவர், மெதுவாக.

முராசே தொப்பியைக் கழற்றினார். இனி வெட்டி ஒட்ட வால் எதுவும் மிச்சமில்லை.

“எல்லாம் பொய்” என்றார். “ரெண்டும் பண்ணை மீன். நான் நாப்பது பிடிக்கலை, நாலு பிடிக்கலை, ஒண்ணுகூடப் பிடிக்கலை. எனக்கு மீன் வாசனையே ஆகாது. நான் இங்க வர்றது... கயோகோ-சான் ‘இன்னைக்கு எப்படி’ன்னு கேட்பாங்களே, அதுக்குத்தான். அடுத்த வாரம் ககோஷிமா போகணும். போறதுக்கு முன்னாடி கேட்கணும்னு வந்தேன். எப்படிக் கேட்பேன்? ஆறு வருஷமா ஒரே ஆத்துல நின்னு ஒரு மீன் பிடிக்கத் துப்பில்லாதவனை யார் கட்டிப்பாங்க?”

கயோகோ மறுபடியும் கிமோனோக் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முராசேவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

தோமே அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை.

“உங்க துப்புக்கு என்ன சார் குறைச்சல்? மேல கொதிக்கிற ஊத்துத் தண்ணி பூரா இதுலதான் கலக்குது, ஆணியைப் போட்டா ஆணியே கரையுது, எங்க தாத்தா காலத்துலேர்ந்து இந்த ஆத்துல ஒத்த மீன் கிடையாது. அதைச் சொன்னா நீங்க வேற ஆத்துக்குப் போயிடுவீங்கன்னு, ஆறு வருஷமா ஊர் முழுக்க சத்தியம் வாங்கி வச்சிருக்கிறது எங்க முதலாளியம்மாதான்!”