வடிகட்டி நட்சத்திரம்

“டீ வடிகட்டி எங்கேங்க?”

“அதை இப்ப கேக்காத. அது நட்சத்திரம் ஆயிடுச்சு.”

மனைவி அண்ணாந்து பார்த்தாள். துணி காயப்போடும் ஸ்டாண்டின் உச்சியில், கைப்பிடி உள்ளே செருகப்பட்டு, வடிகட்டி மல்லாந்து கிடந்தது. சுற்றிலும் கதிர்களாக எட்டு ஸ்பூன்கள். ஸ்டாண்டுக்குப் பச்சைப் படுக்கை விரிப்பு போர்த்தியிருந்தது.

“இது என்ன?”

“கிறிஸ்துமஸ் மரம்.”

“நம்பிட்டேன்” என்று சொல்லிவிட்டு, டீயைத் தூளோடு குடித்துவிட்டு, அவள் ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்பினாள். வாசலில் திரும்பி நின்றாள்.

“மூணு வருஷத்துல மூணு வீடு மாத்தியாச்சு. இன்னொரு தடவை மூட்டை கட்டச் சொன்னீங்க, என் மூட்டை தனியா எங்கம்மா வீட்டுக்குப் போகும். சொல்லிட்டேன்.”

சொன்னால் செய்கிற ரகம் அவள். அதுதான் அவரை உலுக்கியது.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர் அவர். கட்டடத்தில் எல்லாருக்கும் கண்ணாடிக்காரர். இந்த மாதத்தோடு வாடகை ஒப்பந்தம் முடிகிறது. வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரரோ, “நீட்டிக்கறதா வேண்டாமான்னு யோசனையா இருக்கு. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வந்து, வீட்டை எப்படி வச்சிருக்கீங்கன்னு பாத்துட்டு சொல்றேன்” என்று இழுத்திருந்தார். போன வருடம் கீழ்வீட்டு டிரைவர் வைத்த மரத்தைப் பார்த்து அவர் கண் கலங்கி, நின்ற இடத்திலேயே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. ஆகவே மரம் கட்டாயம். கடையில் போய் விலைச்சீட்டைப் பார்த்த கண்ணாடிக்காரர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். விலை அப்படியேதான் இருந்தது. வீட்டில் இருப்பதை வைத்தே ஜமாய்த்துவிடலாம் என்று அப்போதுதான் முடிவு செய்தார்.

இன்றுதான் அந்த முந்தின நாள்.

மரம் நோஞ்சானாக இருந்தது. தலையணைகளை விரிப்புக்குள் திணித்தார். ஒன்றின் தையல் பிரிந்து பஞ்சு கொட்டியது. போனால் போகிறது, பனியாயிற்று என்று மேலே தூவினார். இப்போது மரத்துக்குத் தொப்பை வந்து முன்னால் சாய்ந்தது. கொடிக்கயிற்றை அவிழ்த்து, மரத்தை ஜன்னல் திரைக்கம்பியோடு இழுத்துக் கட்டினார்.

மரம் நிமிர்ந்தது. திரைக்கம்பி இறங்கியது. திரை, கம்பி, ஆணி, ஆணியோடு ஒரு பிடி சுவர் எல்லாம் சேர்ந்தே வந்தன.

மொட்டை ஜன்னலை ஏதாவது செய்தாக வேண்டும். கடையில் கழித்துப்போட்ட லென்ஸ்கள் ஒரு டப்பா நிறைய வீட்டில் கிடந்தன. ஒவ்வொன்றையும் நூலில் கட்டி வரிசையாகத் தொங்கவிட்டார். மினுமினுவென்று இருந்தது. கடையில் வாங்கினால்கூட இப்படி அமையாது என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

பத்து மணிக்கு வெயில் ஜன்னலுக்கு வந்தது.

இருபது வருடமாக லென்ஸ் தேய்க்கிற மனிதருக்கு, குவிலென்ஸ் வெயிலை என்ன செய்யும் என்பது தெரியாமல் இல்லை. ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். பனியிலிருந்து புகை கிளம்பிய பிறகு ஞாபகம் வந்தது. பதறிப்போய் வாளித் தண்ணீரை வீசினார். கால் வாளி மரத்துக்கும் முக்கால் வாளி கட்டில் மெத்தைக்கும் போய்ச் சேர்ந்தது. அவர்கள் வீடு ஒரு ஹால், ஒரு சமையலறை. கட்டிலும் ஹாலில்தான்.

மெத்தையைக் காயப்போட வேண்டும். இழுத்துக்கொண்டுபோய் மாடிப்படியில் சாய்த்தார். மெத்தை இல்லாத கட்டில் பார்க்கச் சகிக்கவில்லை. கழற்றி அதையும் படிக்குக் கொண்டுபோனார். புகையில் கரி பிடித்த சுவர்ப் பக்கம் பீரோவை நகர்த்தப் பார்த்தார். நகராமல் முரண்டு பிடித்ததால், உள்ளிருந்த துணிகளை மூட்டையாகக் கட்டி வெளியே வைத்துவிட்டு நகர்த்தினார்.

ஹால் இப்போது விஸ்தாரமாக இருந்தது. ஆனால் மரத்தடியில் பரிசுகள் இல்லை. குக்கர், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி என்று கையில் கிடைத்ததையெல்லாம் பழைய செய்தித்தாளில் சுற்றிச் சணல் போட்டுக் கட்டினார். மரத்தடியில் இடம் போதாமல், மிச்சத்தை வாசலிலிருந்து படிவரை வரவேற்பு வரிசையாக அடுக்கினார்.

வாட்ச்மேன் மேலே வந்து பார்த்துத் திகைத்து நின்றான்.

“என்ன சார், எல்லாம் வெளிய வந்துடுச்சு?”

“வீட்டுக்காரர் வர்றதுக்குள்ள முடிச்சாகணும்ப்பா. அவர்கிட்ட மூச்சு விட்டுடாத. வந்து பாத்து மனுஷன் அப்படியே அசந்து போகணும்.”

“கண்டிப்பா அசந்துதான் சார் போவாரு” என்று சொல்லிவிட்டு, வாட்ச்மேன் படியிறங்கினான். பாதியில் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான்.

நாலு மணிக்கு மனைவி வந்தாள். பரிசுகளைத் தாண்டி, மெத்தையைச் சுற்றி, மூட்டைமேல் ஏறி இறங்கி உள்ளே வந்து சேர்ந்தாள்.

“ஏங்க, நின்னு நின்னு கால் விட்டுப்போச்சு. கொஞ்சம் படுக்கணும். கட்டில் எங்கே?”

“படிக்கட்டுல.”

“தலையணை?”

“மரத்துக்குள்ள.”

“ஒரு வாய் காபியாவது போட்டுக்கறேன். பால் பாத்திரம்?”

“அந்தச் சின்னப் பரிசுதான்னு நினைக்கறேன். பிரிக்காத, முடிச்சு நல்லா விழுந்திருக்கு.”

அவள் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். “விடிஞ்சாப்பலதான். இந்தக் கோலத்துல பாத்தா எவன் வீடு குடுப்பான்?”

அந்நேரம் வாசலில் ஓர் அம்மாள் நின்றாள். கையில் நோட்டுப் புத்தகம்.

“வீட்டுக்காரருக்கு வர முடியலை. நான் அவருக்குத் தங்கச்சி முறை. போய் நீயே பாத்துட்டு சொல்லுன்னு அனுப்பினாரு.”

“வாங்க, வாங்க” என்று இருவரும் பதறி எழுந்தார்கள். உட்காரச் சொல்ல ஒன்றுமில்லை.

அந்த அம்மாள் ஹாலின் நடுவில் நின்று நாலாபுறமும் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

“எவ்வளவு விசாலம்! இவ்வளவு நல்லா இருக்கும்னு நான் நினைக்கவே இல்லை.”

கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அந்த அம்மாள் குழாயைத் திறந்து பார்த்தாள். சுவிட்சைப் போட்டுப் பார்த்தாள். நோட்டில் ஏதோ எழுதினாள். பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

“சுவர் கொஞ்சம் கரியா இருக்கே?”

“அது வந்து... வெயில்.”

“பரவாயில்லை. வெள்ளையடிச்சா போயிடும், அதை நாங்க பாத்துக்கறோம்.” மரத்தின் முன்னால் வந்து நின்றாள். “இது ரொம்ப அழகு. வடிகட்டியா அது? இந்த யோசனை யாருக்கு வரும்!”

“எல்லாம் இவர்தான்” என்றாள் மனைவி. மூன்று வருடத்தில் அவரைப் பற்றி அவள் வெளியாளிடம் பெருமையாகச் சொன்னது இதுவே முதல் தடவை.

“வாட்ச்மேன் காலையிலேயே ஃபோன்ல எல்லாத்தையும் சொல்லிட்டானாம். அண்ணனுக்கு ஒரே ஆச்சரியம்.”

“மூச்சு விடாதேன்னு சொல்லியிருந்தேன், பாவி” என்று கண்ணாடிக்காரர் சிரித்தார்.

“அப்ப, இன்னைக்கே முடிச்சுக்கலாமா? உங்களுக்குச் சம்மதம்தானே?”

“சம்மதமாவது! நல்ல காரியத்தை எதுக்குத் தள்ளிப் போடணும்?”

“தங்கமான மனுஷங்க” என்று இருவர் கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டு, கீழே சொல்லிவிட்டு வருவதாக அந்த அம்மாள் இறங்கிப் போனாள்.

மனைவி ஈர விரிப்போடு சேர்த்து மரத்தையும் கணவரையும் கட்டிக்கொண்டாள்.

“கோவத்துல என்னென்னமோ பேசிட்டேங்க. இனிமே மூட்டை கட்டற பேச்சே கிடையாது.”

வாட்ச்மேன் கதவுக்குள் தலையை நீட்டினான்.

“சார், இந்த மரத்தை மட்டும் அந்தம்மாவுக்கே விட்டுட்டுப் போகணுமாம், மத்த உங்க சாமானையெல்லாம் படியிலேருந்து சீக்கிரம் எறக்கினீங்கன்னா, கீழ லாரியில இருக்கற அவங்க சாமானை மேல ஏத்திடலாம்.”